முற்றத்து உண்ணிகள்: நியூ இங்கிலாந்தில் மருந்து தெளிக்காத உண்ணிக் கட்டுப்பாட்டின் வரலாறு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள கனெக்டிகட், மாசச்சூசெட்ஸ், மெய்ன் முதலிய மாநிலங்களின் தொகுதிக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர். அங்கும் அதை அடுத்த நியூயார்க் மாநிலத்திலும் கடந்த ஐம்பது ஆண்டுகளாக வீட்டுக்குப் பின்புறத்துப் புல்தரையும் அதை ஒட்டிய மரக்கூட்டமும் நோய்த்தடுப்பு ஆய்வின் களங்களாக இருந்து வருகின்றன. கசகசா அளவே உள்ள ஓர் உண்ணிதான் இதற்குக் காரணம். அது பரப்பும் லைம் நோய் தோலில் வட்டச் சிவப்பாகத் தொடங்கும். மருத்துவம் தாமதமானால் மூட்டு, நரம்பு, இதயம் வரை செல்லும். 2010 முதல் 2018 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இந்நோய்க்கென மருத்துவம் பெற்றதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது.

உண்ணி என்றதும் மருந்தடிப்பது பற்றியே நாம் நினைக்கிறோம். ஆனால் இந்த வட்டாரத்து மக்களுக்கு மருந்து தெளிப்பின் மீது பழைய கசப்பு ஒன்று உண்டு. 1957இல் ஜிப்சி அந்துப்பூச்சியை ஒழிக்க நியூயார்க்கின் லாங் தீவின்மீது விமானங்களிலிருந்து டிடிடி பொழியப்பட்டது. தோட்டம், குளம், வீட்டு முற்றம் என்ற வேறுபாடே பார்க்கப்படவில்லை. குடியிருப்போர் சிலர் வழக்குத் தொடுத்துத் தோற்றனர். அந்த வழக்கின் ஆவணங்கள் ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலுக்கு உரமாயின. 1972இல் டிடிடி அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. மூன்றே ஆண்டுகள் கழித்து, லாங் தீவிலிருந்து கடல்நீரிணைக்கு அக்கரையில் லைம் நோய் கண்டறியப்பட்டது. ஆகவே மருந்து தெளிக்காமல் உண்ணியைக் குறைக்க முடியுமா என்ற கேள்வி அங்கே ஆய்வாளரிடம் மட்டுமன்றி வீட்டுக்காரரிடமும் இருந்தது.

காடு அழிந்ததும் திரும்பியதும்

உண்ணி அந்த மண்ணுக்குப் புதியதன்று. லின்னேயஸின் மாணவரான சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் பீட்டர் கால்ம் 1748 முதல் 1751 வரை வட அமெரிக்காவில் பயணம் செய்தார். அங்குள்ள காடுகளில் உட்காரக்கூட முடியாத அளவு உண்ணிகள் மொய்த்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் நியூயார்க் மாநிலப் பூச்சியியலாளராக இருந்த ஏசா ஃபிச் அதே வட்டாரத்தைப் பற்றி எழுதியபோது, கால்ம் சொன்ன உண்ணி ஏறத்தாழ அழிந்தே போய்விட்டது என்றார்.

இருவரும் கண்டதையே எழுதினார்கள். இடைப்பட்ட காலத்தில் மாறியது நிலம். குடியேறிகள் காட்டை வெட்டி வயலாக்கினர். கல்லைப் பொறுக்கி வரப்புச் சுவர் எழுப்பினர். மானைச் சுட்டுத் தின்றனர், தோலை விற்றனர். 1896இல் கனெக்டிகட் மாநிலம் முழுவதிலும் எஞ்சியிருந்த வெண்வால் மான்கள் வெறும் 12 என்று கணக்கிடப்பட்டது. மான் இல்லாத இடத்தில் இந்த உண்ணி பெருகுவதில்லை. கடலோரத் தீவுகள் சிலவற்றில் மட்டும் மானும் உண்ணியும் சேர்ந்தே தப்பிப் பிழைத்தன.

பின்னர் சக்கரம் திரும்பிச் சுழன்றது. நடுமேற்கின் வளமான சமவெளிகள் உழவுக்குத் திறந்ததும் நியூ இங்கிலாந்தின் கல்நிலத்தை விவசாயிகள் கைவிட்டனர். வயல்களில் மரம் முளைத்தது. மான்வேட்டைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஓநாயோ ஏற்கெனவே ஒழிந்திருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நகரத்தார் இந்த இளங்காட்டுக்குள் வீடு கட்டிக் குடியேறினர். இன்று அங்கே காட்டுக்குள் நடந்தால் எதற்கென்று விளங்காத கற்சுவர்கள் மரங்களுக்கிடையே ஓடுவதைக் காணலாம். அவை பழைய வயல்களின் வரப்புகள். இப்போது அவை எலிகளுக்கு அருமையான வளைகள். பின்னால் வரப்போகும் சிக்கலில் பாதி அந்தச் சுவர்களுக்குள்ளேயே இருக்கிறது.

லைம் ஊரின் தாய்மார்கள்

கனெக்டிகட் ஆற்றின் முகத்துவாரத்தருகே லைம், ஓல்டு லைம் என இரு சிற்றூர்கள் உள்ளன. லைமில் வாழ்ந்த பாலி மரே என்னும் ஓவியரும் அவர் கணவரும் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்காக மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல் என்று அவதிப்பட்டனர். மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை. மனப்பிரமை என்று கூட எண்ணினர். அவர் சோர்ந்துவிடாமல் தம் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் யார் யாருக்கு என்னென்ன அறிகுறிகள், எந்த மாதத்தில் வந்தன என்று குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். 1975இல் அவர் மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். ஓல்டு லைமைச் சேர்ந்த ஜூடித் மென்ஷ் என்ற தாயும் அதே காலத்தில் தனியாக முறையிட்டார்.

யேல் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஆலன் ஸ்டியர் என்னும் மருத்துவர் விசாரிக்க வந்தார். மூன்று ஊர்களில் 51 நோயாளிகளைக் கண்டறிந்தார். அவர்களில் 39 பேர் குழந்தைகள். மரமடர்ந்த சாலையோரங்களில் வீடுகள். கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் நோய் தொடங்கியது. நான்கில் ஒருவருக்கு மூட்டு வீங்கும் முன் தோலில் விரிந்துகொண்டே போகும் சிவப்பு வட்டம் தோன்றியிருந்தது. அந்த வட்டத்தை ஐரோப்பிய மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்ணிக் கடியோடு தொடர்புபடுத்தியிருந்தனர். 1977இல் ஸ்டியரின் கட்டுரை வெளிவந்தது. 1981இல் மொன்டானா மாநிலத்திலிருந்த ராக்கி மலை ஆய்வகத்தில் சுவிட்சர்லாந்துக்காரரான வில்லி பர்க்டார்ஃபர், லாங் தீவை அடுத்த ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலில் திருகு வடிவ பாக்டீரியாவைக் கண்டார். வேறு கிருமியைத் தேடியபோதே அது அவர் கண்ணில் பட்டது. 1984இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஊரின் பெயர் நோய்க்கு, ஆய்வாளரின் பெயர் கிருமிக்கு. பாலி மரேயின் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை. ஆயினும் அவருடைய குறிப்பேடுகள் இல்லாவிட்டால் இந்த வரலாறு எப்போது தொடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்று வேளை உணவு

மருந்தின்றி உண்ணியை எங்கே மடக்கலாம் என்பது அதன் வாழ்க்கையைப் பார்த்தால்தான் விளங்கும். கருங்கால் உண்ணி அல்லது மான் உண்ணி எனப்படும் இந்த உயிர் சுமார் இரண்டு ஆண்டுகள் வாழ்கிறது. இந்தக் காலத்தில் அது மூன்றே முறை இரத்தம் குடிக்கும். கோடையில் முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு, வெண்கால் எலி போன்ற சிறு பிராணிமீது ஏறி முதல் உணவை முடிக்கிறது. மறுவருடம் மே முதல் ஜூலை வரை அது எட்டுக்கால் இளம் உண்ணியாக இரண்டாம் உணவைத் தேடும். மனிதருக்குப் பெரும்பாலும் நோயைத் தருவது இந்தப் பருவமே. சிறியதாகையால் ஒட்டியிருப்பதே தெரியாது. இலையுதிர் காலத்தில் வளர்ந்த உண்ணி மான்மீது ஏறும். அங்கேயே இணை சேர்ந்து, வயிறு புடைக்கக் குடித்து, கீழே விழுந்து, வசந்தத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மடியும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. குஞ்சு பிறக்கும்போது அதனிடம் லைம் கிருமி இல்லை. எலியிடமிருந்துதான் கிருமி தொற்றுகிறது. மான் கிருமியைத் தருவதில்லை; ஆனால் உண்ணிக் குலத்தையே வளர்ப்பது மான். எலி நோயைத் தருகிறது, மான் எண்ணிக்கையைத் தருகிறது. உணவு கிடைக்கும் வரை காத்திருக்கும் மாதங்களிலோ உண்ணிக்கு வேண்டியது ஈரம். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் அது காய்ந்து இறந்துவிடும். சருகின் அடியில் இருக்கும் ஈரம்தான் அதன் வீடு. ஆக மான், எலி, ஈரம் ஆகிய மூன்றையே ஆய்வாளர்கள் மாறி மாறிப் பற்றினர்.

மான்

முதலில் கை வைத்தது மானில். மாசச்சூசெட்ஸின் கேப் காட் பகுதியில் கிரேட் ஐலண்ட் என்னும் தனியார் நிலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஸ்பீல்மனும் மார்க் வில்சன் முதலியோரும் 1980களின் தொடக்கத்தில் மான்களைக் குறைத்துப் பார்த்தனர். பெரும்பகுதி மான்களை அகற்றியும் உண்ணிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எஞ்சிய சில மான்களே போதுமானவையாக இருந்தன. பின்னர் மான்களை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கியபோதுதான் குஞ்சு உண்ணிகள் பெருமளவு குறைந்தன. 1988இல் வெளியான அந்த முடிவு பலருக்கும் சங்கடத்தைத் தந்தது. கொஞ்சம் கொன்றால் பயனில்லை. எல்லாவற்றையும் கொல்ல மக்கள் ஒப்பமாட்டார்கள்.

ஒப்பிய ஊரும் ஒன்று உண்டு. மெய்ன் மாநிலக் கரையிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மான்ஹீகன் தீவில் மான்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கொண்டுவரப்பட்டன. வெண்கால் எலி அங்கே இல்லை. அதன் வேலையைச் சாதாரணப் பழுப்பு எலி செய்தது. ஓவியர்களும் இறால் மீனவர்களும் வாழும் அந்தச் சிறு தீவில் லைம் நோய் பரவவே, மக்கள் கூடிப் பேசி மான்களை அறவே அகற்ற முடிவு செய்தனர். 1996இல் தொடங்கிய வேலை 1999இல் முடிந்தது. உடனே உண்ணி ஒழியவில்லை. ஏறுவதற்கு மான் இல்லாததால் வளர்ந்த உண்ணிகள் புதர்களில் முன்னைவிட அதிகமாகக் காத்து நின்றன. ஓரிரு பருவங்கள் கழித்தே அவை வேகமாகச் சரிந்தன. சில ஆண்டுகளில் குஞ்சுகளும் இளம் உண்ணிகளும் காணக் கிடைக்காத நிலை வந்தது. ஆனால் அது தீவு. கடலைத் தாண்டி வேறு மான் வர வழியில்லை. நிலப்பரப்பில் இருக்கும் ஓர் ஊர் இதைப் பார்த்து நம்பிக்கை கொள்வது எளிது, செய்வது கடினம்.

கனெக்டிகட்டின் மம்ஃபர்ட் கோவ் குடியிருப்பு ஓரளவு செய்து காட்டியது. அங்கே 2000இல் கட்டுப்பாடான வேட்டை தொடங்கியது. 13 ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, மான் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 5 என்ற அளவுக்கு இறங்கியபின் உண்ணிகள் 76 விழுக்காடும், குடியிருப்போர் தாமாகத் தெரிவித்த லைம் நோய் 80 விழுக்காடும் குறைந்திருந்தன. எண்கள் பெரியவை. எனினும் நோய்க் கணக்கு மக்கள் தாமே சொன்னது என்பதையும், ஒப்பிட்டுப் பார்க்க நிகரான வேறு குடியிருப்புகள் பல இல்லை என்பதையும் மறக்கலாகாது. கொல்ல மனமில்லாதவர்கள் வேலி போட்டனர். பரந்த நிலத்தைச் சுற்றி மான் தாண்டாத உயரமான வேலி அமைத்த இடங்களில் உள்ளே குஞ்சு உண்ணிகள் வெகுவாகக் குறைந்தது 1990களின் ஆய்வுகளில் தெரிந்தது. கால் ஏக்கர் முற்றத்துக்கு அந்தப் பயன் கிட்டாது. எலியும் பறவையும் வேலிக்கு அடியிலும் மேலுமாக உண்ணியைச் சுமந்து வந்துவிடும்.

எலியின் கூட்டில் பஞ்சு

ஸ்பீல்மன் குழுவின் இன்னொரு யோசனை சாமர்த்தியமானது. பெர்மெத்ரின் என்னும் உண்ணிக்கொல்லியில் தோய்த்த பஞ்சை அட்டைக் குழாய்களில் அடைத்துப் புதரடியிலும் கற்சுவர் ஓரத்திலும் போட்டுவிடுவது. எலி அந்தப் பஞ்சைக் கூடு கட்ட எடுத்துச் செல்லும். கூட்டில் உறங்கும்போது மருந்து மயிரில் படியும், ஒட்டியிருக்கும் குஞ்சு உண்ணிகள் மடியும், எலிக்குக் கேடில்லை. 1987இல் தாமஸ் மேதர், ஸ்பீல்மன் முதலியோர் இதை வெளியிட்டனர். பிறகு அது கடைச்சரக்காகவும் வந்தது. இதுவும் இரசாயனம்தானே என்று கேட்கலாம்; ஆம். ஆனால் காற்றில் தெளித்த மருந்து தேனீ மீதும் குளத்து மீன் மீதும் படுவது போல இது படுவதில்லை. தெளிப்பு வேண்டாம் என்பவர்களில் பலர் இதை ஏற்றனர், சிலர் ஏற்கவில்லை.

மாசச்சூசெட்ஸ் சோதனையில் எலிகள்மீது உண்ணிகள் நன்றாகக் குறைந்தன. அதே முறையைக் கனெக்டிகட்டிலும் நியூயார்க்கிலும் செய்தபோது புதர்களில் காத்திருக்கும் இளம் உண்ணிகள் குறையவில்லை. எலி மட்டுமே குஞ்சுகளுக்கு உணவான இடத்தில் பஞ்சு பலித்தது. நம்மூர் அணிலைப் போல முதுகில் கோடுடைய சிப்மங்க், மூஞ்சூறு, தரையில் மேயும் பறவைகள் எல்லாம் உணவளிக்கும் இடத்தில் பலிக்கவில்லை. அவை பஞ்சு சேர்ப்பதில்லை. எலியும் சிப்மங்கும் இரைக்காக நுழையும்போது முதுகில் ஃபிப்ரோனில் தடவிவிடும் இரைப்பெட்டி இந்தக் குறையைச் சரிக்கட்ட 2000களில் வந்தது.

சருகும் புல்லும்

வீட்டுக்காரர் தம் கையாலேயே செய்யக்கூடிய பகுதி இதுதான். ஆகையால் இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில் லைம் நோய் மிகுந்த ஒரு குடியிருப்புப் பகுதியில் உண்ணிகள் எங்கே இருக்கின்றன என்று துணியை இழுத்து இழுத்து எண்ணினார்கள். வெள்ளை ஃபிளானல் துணியைத் தரைமீது இழுத்தால் ஏற ஆள் வந்ததென்று உண்ணி அதில் ஒட்டிக்கொள்ளும். இன்றுவரை எண்ணும் முறை அதுவே. 1991இல் வந்த முடிவின்படி 67 விழுக்காடு மரக்கூட்டத்துக்குள்ளும், 22 விழுக்காடு மரக்கூட்டத்தை ஒட்டிப் பராமரிப்பின்றிக் கிடந்த விளிம்பிலும், 9 விழுக்காடு அழகுச் செடிகளுக்கடியிலும் இருந்தன. வெட்டிப் பராமரித்த புல்தரையில் வெறும் 2 விழுக்காடு. முற்றம் முழுவதும் மருந்தடிப்பவர் பெரும்பாலும் உண்ணி இல்லாத இடத்தில்தான் அடிக்கிறார் என்பது இந்த ஒரு கணக்கிலேயே வெளிப்பட்டுவிட்டது.

ஆகவே விளிம்பைக் கவனிப்பதே வேலையாயிற்று. நியூ ஜெர்சியில் டெர்ரி ஷல்ஸ் முதலியோர் மரத்தடிச் சருகை வாரி அகற்றிப் பார்த்து, இளம் உண்ணிகள் பெருமளவு குறைவதை 1995இல் காட்டினர். 1875இல் நிறுவப்பட்ட கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் அமெரிக்க மாநில வேளாண் ஆய்வு நிலையங்களுள் முதலாவது. அங்கே பணியாற்றிய கிர்பி ஸ்டாஃபோர்டு 2004இல் ஓர் உண்ணிக் கையேட்டை எழுதினார். அது விற்பனைக்கன்றி இலவசமாகவே பரவியது. புல்தரைக்கும் மரக்கூட்டத்துக்கும் இடையே மூன்றடி அகலத்துக்கு மரச்சில்லு அல்லது சரளை பரப்புதல், ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் மர ஓரத்திலிருந்து வெயிலுக்கு நகர்த்துதல், தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெளிச்சம் விழச் செய்தல், விறகை வெயிலில் ஒழுங்காக அடுக்குதல், பறவைத் தீனிப்பெட்டியை வீட்டருகே தொங்கவிடாதிருத்தல் என்று அந்தக் கையேடு சொன்னவை எவருக்கும் புரியக்கூடியவை. சில்லு வரப்பு உண்ணியைக் கொல்லும் கோட்டை அன்று. உலர்ந்த அந்தப் பட்டையைக் கடக்க அது தயங்கும், கடக்கும் மனிதரும் 'இதற்கப்பால் உண்ணி' என்று நினைவு கொள்வர். இரண்டாவது பயன் முதலாவதைவிடச் சிறிதன்று என்பது என் எண்ணம்.

சருகு வாருவதிலும் ஒரு வம்பு இருந்தது. இலையுதிர் காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு காற்றூதி இயந்திரம் இரையும். ஊதிய சருகை யாரும் அள்ளிக்கொண்டு போவதில்லை. புல்தரை முடியும் மர விளிம்பில் குவித்துவிடுவர். 2020இல் ராபர்ட் ஜோர்டனும் ஷல்ஸும் வெளியிட்ட ஆய்வில், அப்படிக் குவித்த விளிம்புகளில் மறுவருடம் இளம் உண்ணிகள் கூடுதலாக இருந்தன. முற்றத்தைச் சுத்தம் செய்தவர்கள் முற்றத்தின் ஓரத்தில் உண்ணிக்கு மெத்தை விரித்திருந்தனர். அகற்றுவதென்றால் மக்குக்குழிக்கோ ஊருக்கு வெளியிலோ போக வேண்டும்.

ஜப்பானியப் பார்பெரி என்னும் முட்செடியின் கதை இதற்கு நெருங்கிய உறவு. நியூ இங்கிலாந்தில் முன்பு வேலிக்கு வைத்த ஐரோப்பியப் பார்பெரி, கோதுமைத் துரு நோய்க்கு இடம் கொடுத்ததால் கனெக்டிகட்டில் 1726லேயே சட்டம் போட்டு அதை அழிக்கத் தொடங்கினர். அதற்கு மாற்றாகத் துரு தாங்காத ஜப்பானிய இனம் வந்தது. அதன் விதை 1875இல் பாஸ்டனின் ஆர்னால்டு தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. முள் மிகுதியால் மான் இதைத் தின்னாது. எனவே மான் பெருகப் பெருக மற்றச் செடிகள் குறைந்து இது காட்டுக்குள் பரவியது. அடர்ந்த அதன் புதருக்கடியில் ஈரம் தங்கும், எலியும் தங்கும். கனெக்டிகட் ஆய்வு நிலையத்தின் ஸ்காட் வில்லியம்ஸும் ஜெஃப்ரி வார்டும் புதரை அகற்றிய இடங்களில் ஈரப்பதம் இறங்குவதையும் உண்ணி குறைவதையும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து காட்டினர். ஒரு பயிர்நோயைத் தடுக்கக் கொண்டுவந்த செடி வேறொரு நோய்க்குக் குடை பிடித்தது.

தீ வைத்தும் பார்த்தார்கள். பூர்வகுடிகள் காட்டின் அடிப்புதரைக் கொளுத்தி வந்த மண் அது. ஷெல்டர் தீவில் தாவரத்தை எரித்த இடத்தில் இளம் உண்ணிகள் ஏறத்தாழப் பாதியாயின. ஆனால் எஞ்சியவற்றில் கிருமி தாங்கியவற்றின் விகிதம் உயர்ந்திருந்தது என்று 1993இல் மேதர், டேவிட் டஃபி முதலியோர் எழுதினர். தலைப்பிலேயே 'எதிர்பாராத முடிவு' என்று குறிப்பிட்டிருந்தனர்.

கோழி, குளவி, ஒப்போசம்

கினிக்கோழி உண்ணியைக் கொத்தித் தின்னும் என்று டஃபி 1992இல் ஓர் ஆய்வு வெளியிட்டதும் லாங் தீவில் அந்தக் கோழிகளுக்குக் கிராக்கி வந்தது. அவை புல்தரையில் வளர்ந்த உண்ணிகளைக் குறைத்தது உண்மை. ஆனால் நோய் தரும் இளம் உண்ணியை அவை குறைக்கவில்லை என்று 2006இல் தெரிந்தது. போதாக்குறைக்கு அவற்றின் கூச்சலை அண்டைவீட்டார் பொறுக்க வேண்டும். உண்ணியின் உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவியை 1920களிலேயே பிரான்சிலிருந்து கொண்டுவந்து மாசச்சூசெட்ஸின் நௌஷன் தீவில் விட்டிருந்தனர். நாய் உண்ணியை ஒழிப்பதே அப்போதைய நோக்கம். நோக்கம் நிறைவேறவில்லை. அறுபது ஆண்டு கழித்து அங்கே மான் உண்ணிக்குள் அந்தக் குளவி வாழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டனர். மான் உண்ணியை அது கட்டுக்குள் வைக்கவுமில்லை. வயிற்றில் பையுடைய ஒப்போசம் என்னும் விலங்கு உண்ணிகளை ஆயிரக்கணக்கில் தின்று தீர்க்கும் என்ற செய்தி 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றிலிருந்து கிளம்பி இணையமெங்கும் பரவியது. 2021இல் 32 ஒப்போசங்களின் இரைப்பையைத் திறந்து பார்த்தவர்கள் அதில் ஓர் உண்ணியும் காணவில்லை. மண்ணில் இயல்பாக வாழும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சைதான் இந்த வரிசையில் ஓரளவு தேறியது. ஆனால் அதையும் நீரில் கலந்து தெளிக்கத்தான் வேண்டும்.

உண்ணி குறைந்தது, நோய் குறைந்ததா?

இத்தனை ஆண்டு ஆய்வுகளிலும் பெரும்பாலானவை உண்ணியைத்தான் எண்ணின, நோயாளியை எண்ணவில்லை. கனெக்டிகட்டின் 24 ஊர்களில் நோயுற்றோரையும் நோயுறாதோரையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. முற்றத்திலிருந்து வந்தபின் 36 மணி நேரத்துக்குள் உடலில் உண்ணி தேடுவது, இரண்டு மணி நேரத்துக்குள் குளிப்பது, முற்றத்துக்கு ஏதேனும் ஒரு வேலி இருப்பது ஆகிய மூன்றுமே காப்பாக அமைந்தன என்று அது சொன்னது. உண்ணி ஒட்டியவுடனே கிருமி இறங்குவதில்லை. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆதலால் தேடி எடுப்பதற்கு நேரம் இருக்கிறது. முற்றத்தில் மருந்து தெளித்திருப்பது காப்பு என்று அந்த ஆய்வில் தெரியவில்லை.

இதை நேரடியாகவே சோதித்தவர்கள் 2016இல் முடிவு வெளியிட்டனர். மூன்று மாநிலங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், எந்த வீட்டில் மருந்து எந்த வீட்டில் வெறும் நீர் என்று வீட்டாருக்குத் தெரியாதபடி, வசந்தத்தில் ஒருமுறை முற்ற விளிம்பில் தெளித்தனர். மருந்து தெளித்த முற்றங்களில் உண்ணி 63 விழுக்காடு குறைந்தது. வீட்டாருக்கு உண்ணி ஒட்டியதோ நோய் வந்ததோ குறையவில்லை. ஒருவேளை தெரு முழுவதும் சேர்ந்து செய்தால் பலிக்குமோ என்று நியூயார்க்கின் டச்சஸ் மாவட்டத்தில் ரிச்சர்டு ஆஸ்ட்ஃபெல்டும் ஃபெலிசியா கீசிங்கும் 24 குடியிருப்புகளில் நான்கு ஆண்டுகள் இரைப்பெட்டியையும் பூஞ்சைத் தெளிப்பையும் சோதித்தனர். 2022இல் வந்த முடிவில் இரைப்பெட்டி வைத்த இடங்களில் உண்ணி சுமார் பாதியாகியிருந்தது. வளர்ப்பு நாய், பூனைகளுக்கு நோய் குறைந்திருந்தது. மனிதருக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. எஞ்சிய பாதி உண்ணிகளே போதுமானவையா, மக்கள் உண்ணியைப் பெறுவது தம் முற்றத்துக்கு வெளியிலா என்ற கேள்விகள் இன்னும் விவாதத்தில் உள்ளன.

தெளிப்பை மறுப்பவர்கள் இந்த முடிவுகளை வெற்றியாகக் கொண்டாடுவதுண்டு. அது பொருந்தாது. தெளிப்பு தோற்ற அதே அளவுகோலால் சில்லு வரப்பையும் சருகு வாருதலையும் இன்னும் முழுமையாக அளந்து பார்க்கவில்லை. அவற்றுக்குச் செலவும் கேடும் குறைவு என்பது மட்டும் உறுதி.

மலைநாட்டுச் சருகு

நம் பக்கத்திலும் உண்ணியால் வரும் கொடிய நோய் ஒன்று உண்டு. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் 1957இல் குரங்குகள் மடிந்து விழுந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய் அது. 2012இல் முதுமலையில் இறந்த குரங்குகளிடமும் அதன் வைரஸ் காணப்பட்டது. அங்கே உண்ணி வேறு, கிருமி வேறு, ஊர் அமைப்பும் வேறு. கனெக்டிகட்டில் வீட்டார் காட்டின் ஓரத்தில் வீடு கட்டி உண்ணியைத் தேடிப் போனார்கள். மலைநாட்டில் பிழைப்புக்காகக் காட்டுக்குள் போகிறார்கள். மாட்டுத் தொழுவத்தில் பரப்பவும் பாக்குத் தோட்டத்துக்கு உரமிடவும் அவர்கள் காட்டுச் சருகைக் கூடை கூடையாக வாரி வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். நோய் கண்ட வீடுகளை ஆராய்ந்தவர்கள் ஆபத்து மிகுந்த வேலைகளில் ஒன்றாக இந்தச் சருகு வாருதலைக் குறித்தனர். மழைக்காலம் முடிந்தபின், டிசம்பர் முதல் மே வரை, இளம் உண்ணிகள் அங்கே மிகுந்திருக்கும். சருகு காய்ந்து வாரத் தோதாக இருப்பதும் அதே மாதங்களில்தான்.